பனியில் எடுத்த பஞ்சு

"ஏண்டி அஞ்சல, உங்கம்மா காலம் பூரா ரப்பர் மரத்துல பால் வெட்டுனா. நீ என்னடான்னா பஞ்சு ஆராய்ச்சின்னு வந்து நிக்கிற. நெனச்சா மழ பேயிற ஊரு. இங்க பஞ்சு வெளையுமா லா?"

கிராணியம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஈப்போவுக்கு அருகே, பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம், ஈயம் தோண்டிய பழைய குட்டை ஒன்றைத் தூர்த்த மணல்வெளியில், எங்கள் பருத்திப் பாத்திகளுக்கு நடுவில் நின்று கேட்டார். ஒரு கையில் குடை, மறு கையில் நான்கு அடுக்குத் தூக்கு. மகள் சரோஜினிக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். கார் மண் சாலையில் நின்றது. கிராணி ஐயா இறங்காமல் ஸ்டீயரிங் மேல் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார்.

"சரோ படிச்ச புள்ள, எப்படியும் சமாளிச்சிக்குவா. நீ எதுக்குடி வெயில்ல காயிற?"

நானும் சரோவும் ஒரே ஆய்வு நிலையத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதவி ஒன்று, சம்பளம் ஒன்று, மேலதிகாரியும் ஒருவர். ஆளுக்கொரு பருத்திப் பாத்தி. அப்படியிருந்தும் சந்தேகம் முழுவதும் என் பங்குக்கு வந்தது.

"வெளையும் கிராணியம்மா" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் என் நாக்கின் மேல் எனக்குக் கோபம். தோட்ட ஆபீசில் பேர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் கிராணி வேலையை அவர் கணவர் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. தோட்டமே இப்போது இல்லை. சரோ என் அம்மாவை எவ்வளவு சுலபமாக 'ஆன்ட்டி' என்று கூப்பிடுகிறாள். அவள் அம்மாவை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

தூக்கைத் திறந்தார்கள். மீன் சம்பால், கங்கோங் கீரைப் பிரட்டல், ரசம். மேலடுக்கில் பப்பாளித் துண்டுகள். என் பிளாஸ்டிக் டப்பாவில் சோறும் வறுத்த நெத்திலியும். சரோ பாதிப் பப்பாளியை எடுத்து என் டப்பா மூடியில் வைத்தாள்.

"சாப்பிடு அஞ்சலை. எனக்கு இவ்வளவு வேணாம்."

பப்பாளி எனக்கு மிகவும் பிடிக்கும். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் என் பிழைப்பு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பின்வாசல்

எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதையும் நாங்கள் ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்குக் குடிவந்ததையும் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்குத் தோட்டத்தில் யார் மேலும் கோபமே இல்லையா?" என்று கேட்டார். கோபம் இல்லை அம்மா. பொறாமை இருந்தது. அது கோபத்தைவிட நெடுநாள் தாங்கும்.

கிராணி வீடு மேட்டில் இருந்தது, தொழிலாளர்களுக்கென்று கட்டிய எங்கள் லயத்து வரிசை பள்ளத்தில். அவர்கள் சன்னல்களுக்குக் கொசு வலை உண்டு. முன்பக்கம் செம்பருத்தி வேலி. அந்த முன்வாசலை நான் உள்ளிருந்தும் பார்த்ததில்லை, வெளியிலிருந்தும் சரியாகப் பார்த்ததில்லை. எங்களுக்கு வேலை பின்வாசலில்தான். அப்பாவுக்குக் காய்ச்சல், லீவு வேண்டும் என்றால் அங்கே நின்று "ஐயா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கொல்லையில் ஒரு முருங்கை மரம். காற்றில் காய் விழுந்து கிடக்கும். வீட்டுக்காரர்கள் பார்த்து "எடுத்துக்க" என்று சொல்லாதவரை எங்கள் ஆட்கள் அதைத் தொடமாட்டார்கள். காய்ந்து சுருண்டு போனாலும் தொடமாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை அது. கை அப்படிப் பழகியிருந்தது.

அப்படி அம்மாவோடு நின்ற ஒரு மாலையில்தான் சரோவை முதன்முதலில் பார்த்தேன். மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதற்கென்றே ஒருவருக்கு மேசை இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மேசை மேல் பச்சை மூடி போட்ட விளக்கு. இப்போதும் ஈப்போக் கடைகளில் பச்சை மூடி விளக்கைக் கண்டால் ஒரு கணம் நிற்கிறேன். வாங்குவதில்லை.

அவள் வேனில் ஈப்போவுக்குப் படிக்கப் போனாள். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி, பிறகு மலாய் பழக ஒரு வருடம் புகுமுக வகுப்பு, பிறகு நெரிசல் பஸ்ஸில் இடைநிலைப் பள்ளி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் தேறிய முதல் ஆளும் நான். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. உங்களுக்கு அலுத்தால் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.

தேர்வு முடிவு வந்த மறுநாள் அம்மா பெரட்டுக்குப் போனார். விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. "முனியம்மா" என்று கிராணி ஐயா கூப்பிட்டதும் எல்லாரும் சொல்கிற பதிலைச் சொல்லாமல், "எம் மவ பாசு" என்றாராம். ஐயா தலை நிமிர்ந்து, "எத்தன பாடம்?" என்று கேட்டாராம். "எல்லாம்" என்றாராம் அம்மா.

அதே வாரம் சரோவும் தேறியிருந்தாள், என்னைவிட நல்ல தரத்தில். அதைப் பெரட்டில் யாரும் கத்திச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இடுப்பு உயரத்தில் பஞ்சு

எண்பதுகள் தொடங்கிய கையோடு, போன வருடம்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். எனக்குப் பஞ்சு ஆராய்ச்சியில் வேலை என்றால் புந்தோங்கில் எல்லாரும், "கெக்காபா?" என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் பஞ்சு என்றால் கெக்காபு என்கிற இலவ மரத்துப் பஞ்சு ஒன்றுதான். காய் வெடித்தால் தெருவெல்லாம் பறக்கும். பொறுக்கித் தலையணைக்கு அடைப்போம்.

"மரத்துல ஏறணுமாடி?" என்று கேட்டார் பாக்கியம் அக்கா. அம்மாவோடு தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது அம்மாவோடு லோரி ஏறிக் கூலி வேலைக்குப் போகிறவர்.

"இல்லக்கா. இது செடி. இடுப்பு உயரம்தான்."

"இடுப்பு உயரத்துல பஞ்சா? அப்ப தலகாணி கைப்புள்ளைக்குத்தான் பத்தும்."

எங்கள் அதிகாரி என்சிக் ஹாஷிம் (மலாயில் 'என்சிக்' என்றால் 'ஐயா') மெதுவாகப் பேசும் மனிதர். அவர் மனத்தில் இருந்த கேள்வி இது: ஈயம் தோண்டி எடுத்த பிறகு பேரா மாநிலத்தில் மிஞ்சிக் கிடக்கிற வெறும் மணலில், குறைந்த தண்ணீரும் குறைந்த உரமும் குறைந்த மருந்தும் போட்டுப் பருத்தி எடுக்க முடியுமா? மழை சற்று ஓய்கிற மாதங்களில் காய் வெடிக்கும்படி கணக்குப் பார்த்து விதைத்தால் தப்புமா?

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்திகள் போட்டார். சரோவின் பாத்தியில் புத்தக முறை. ஒரு புல் இருக்காது. மூட்டை உரம், கிழமை தவறாத மருந்து.

என் பாத்திக்கு நான் ஒன்று கேட்டேன். ரப்பர் கன்று நட்டால் நடுவில் ஒரு பயற்றுக் கொடியைப் படரவிடுவார்கள். மண்ணை மூடும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், மக்கினால் உரமும் ஆகும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தினமும் கால்பட்ட கொடி. அதைப் பருத்தி வரிசைகளுக்கு இடையில் விதைக்கட்டுமா என்றேன். செடிமேல் ஏறிவிடாதபடி வெட்டி வெட்டி அடியிலேயே போட்டுவிடுகிறேன். உரத்துக்குப் பதில் கோழிச் சாணம். மருந்து, புழுவைக் கண்ணால் கண்டால் மட்டும்.

"போலே, செய்யலாம். செய்து பார்" என்றார்.

பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்து இன்னொன்றும் சொன்னார். விவசாயக் கல்லூரியில் டிப்ளோமா படிக்க அந்த வருடம் எங்கள் நிலையத்துக்கு ஒரே ஓர் இடம். வேலை போகாது, சம்பளம் நிற்காது, படித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

"உங்களில் ஒருவர். முதல் அறுவடையைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதி அனுப்புவேன்."

சரோவைப் படிக்கவைக்க அவள் அப்பா இருந்தார். இந்த இடம் இல்லாவிட்டால் இன்னொன்று. எனக்கு இருந்தது இது மட்டும்தான். அப்பா லோரியில் மூட்டை ஏற்றி இறக்கும் கெலிண்டான். அம்மா கூலி. எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள்.

வெள்ளைக் காலுறை

அந்த மாதங்களில் நான் எவற்றுக்கெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை.

மணலில் ரப்பர் பூட்ஸ் போட்டு நடப்போம். மாலையில் கழற்றினால் என் காலுறை சேற்று நிறத்தில் இருக்கும். அவளுடையது வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. காலையில் அவளுடைய ஹோண்டா மோட்டார் சைக்கிள் என் பஸ்ஸை முந்தும். முந்தும்போது கையசைப்பாள். நான் சன்னலோரம் உட்காருவதை நிறுத்திவிட்டேன். அவள் என்சிக் ஹாஷிமோடு ஆங்கிலத்தில் பேசும்போது நடுவில் இருவரும் சிரித்துக்கொள்வார்கள். நான் அவரோடு மலாயில் பேசினால் வேலை நடக்கும், சிரிப்பு நடக்காது.

பூத்த கதையைச் சொல்கிறேன். முதல் பூ என் பாத்தியில்தான் பூத்தது. வெண்ணெய் நிறத்தில், மெல்லிய காகிதம் போல. மறுநாள் போய்ப் பார்த்தால் அது ரோஜா நிறத்துக்கு மாறியிருந்தது. ஏதோ நோய் என்று வெலவெலத்துப் போய்ச் சரோவை அழைத்து வந்தேன்.

"நோய் இல்ல அஞ்சலை. ரெண்டாம் நாள் இப்படித்தான் மாறும். புத்தகத்துல இருக்கு."

நல்லவிதமாகத்தான் சொன்னாள். மாலையில் என்சிக் ஹாஷிம் வந்து, "பூ நிறம் மாறியிருக்கிறதே, ஏன்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் விளக்கிவிட்டாள். பூ என்னுடையது, விளக்கம் அவளுடையது. அந்தப் பூவை அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் வெயில் என் பக்கம் இருந்தது. மழை ஓய்ந்த வாரங்களில் நடுப்பகலில் மணல் அடுப்பாகக் கொதிக்கும். சரோவின் செடிகள் இலையைத் தொங்கப்போட்டுவிடும். என் செடிகள் கொடி மெத்தையில் நிமிர்ந்து நிற்கும். காய்கள் திரண்டன. ஒரு நாள் அவள் என் வரிசைக்கு வந்து, ஒரு செடியைக் குனிந்து மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

"உன்னுதுல காய் கூட இருக்கு" என்றாள்.

சொல்லிவிட்டு உடனே நிமிரவில்லை. அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்; பல மாதங்களாக என் கண்ணாடியில் பார்த்துவந்த முகம். அன்று பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன்.

இருட்டிலேயே வந்தவர்கள்

காய்கள் வெடித்தன. பாத்தி முழுவதும் வெள்ளை. பஞ்சு எடுக்க ஆட்கள் வேண்டும் என்றார் என்சிக் ஹாஷிம். புந்தோங்கிலிருந்து அம்மாவையும் பாக்கியம் அக்காவையும் அவர்கள் கூட்டத்துப் பெண்களையும் ஏற்பாடு செய்தேன். எல்லாரும் பழைய பால்வெட்டுக்காரர்கள், விரல் சுத்தமான ஆட்கள். லோரி, அவர்களைத் தினமும் கூலி வேலைக்கு ஏற்றிப்போகும் சீனர் ஆ சோங்குடையது.

முதல் நாள் மாலையே எங்கள் வீட்டு முன்னால் அவர்களை உட்காரவைத்து எடுத்துச் சொன்னேன்.

"பனி காஞ்சப்புறம்தான் எடுக்கணும். ஒம்பது மணிக்கு மேல. ஈரப் பஞ்ச சாக்குல அடைச்சா உள்ள சூடேறி மஞ்சளாப் போயிரும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மா எல்லாரையும்விடப் பலமாக ஆட்டினார்.

மறுநாள் நான் எழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பஸ் பிடித்துப் போய் இறங்கினேன்.

ஆ சோங்கின் லோரி அங்கே நின்றது. அவர் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பெண்கள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வாய் கட்டிய சாக்குகள். என் பாத்தியில் வெறும் காய் ஓடுகள்.

"வாடி அஞ்சல!" என்றார் பாக்கியம் அக்கா. "ஒன் வேல முடிஞ்சிச்சு. இருட்டுலயே வந்துட்டோம். தலைல லைட்டு கட்டிக்கிட்டு எடுத்தோம்லா. எப்படி?"

சாக்கின் அடியைத் தொட்டேன். ஈரம். வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். குளித்துவிட்டுத் துவட்டாத தலைமுடிக்குள் கைவிட்டதுபோல் இருந்தது.

"ஒம்பது மணிக்கு மேலன்னு சொன்னேனேம்மா."

"ஒம்பது மணிக்கா?" அம்மாவுக்கு உண்மையாகவே வியப்பு. "நீ ஏதோ ஆபீசு பேச்சு பேசுறன்னு நெனச்சேன். வெயில் ஏறினப்புறம் எவடி வேலைய தொடங்குவா? பாக்குறவன் சோம்பேறின்னு சொல்ல மாட்டான்?"

இவர்களைக் குற்றம் சொல்ல முடியாது என்று இப்போது தெரிகிறது. ரப்பர் மரம் விடியலின் குளிர்ச்சியில்தான் பால் விடும். சூரியன் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். பிந்திப் போனவளுக்கு வாளி நிறையாது. வாழ்நாளெல்லாம் அப்படி எழுந்து பழகிய உடம்புகளுக்கு, விளைந்த பொருளை வெயில் வரும்வரை சும்மா விட்டுவைப்பது பாவம் போலத் தோன்றியிருக்கிறது.

அப்போதுதான் பக்கத்துப் பாத்தியைப் பார்த்தேன். சரோவின் பஞ்சு செடியிலேயே இருந்தது. ஒன்றுகூடத் தொடப்படவில்லை. வெயிலில் மெல்ல உலர்ந்து, பொங்கிய சோறு மாதிரி விரிந்துகொண்டிருந்தது.

"அத ஏன் எடுக்கல?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது கிராணி மவ பாத்தியாச்சே" என்றார் அம்மா. "பாப்பா வந்து எடுங்கன்னு சொல்லட்டும். அவங்க இல்லாதப்ப எப்படி கைய வைக்கிறது?"

என் மேல் உள்ள அன்பால் என் பஞ்சை நனையநனைய எடுத்துவிட்டார்கள். அவள் மேல் உள்ள மரியாதையால் அவள் பஞ்சைக் காயவிட்டுவிட்டார்கள். தோட்டம் போய்விட்டது, கிராணி வேலை போய்விட்டது, பின்வாசல் மட்டும் எங்களோடு லோரி ஏறி வந்திருந்தது.

பெட்ரோல் போட நின்று, அன்றைக்கென்று பார்த்துத் தாமதமாக வந்தாள் சரோ. ஹோண்டாவை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, "ஆன்ட்டி, தொடங்கலாமா?" என்றாள். எல்லாரும் எழுந்தார்கள். அந்த நேரத்துக்கு அவள் பஞ்சில் ஒரு சொட்டுப் பனி இல்லை.

தார்ப்பாய்

என் சாக்குகளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கொட்டகைக்குள் ஓடி தார்ப்பாயை இழுத்து வந்தாள்.

"சீக்கிரம் அஞ்சலை. வெயில் இருக்கும்போதே விரிச்சிடலாம்."

இருவரும் மண்டியிட்டுப் பஞ்சைப் பிரித்துப் பிரித்துப் பரப்பினோம். அவள் உதவுவது எனக்குப் பிடிக்கவில்லை. உதவாமல் இருந்திருந்தால் அதுவும் பிடித்திருக்காது. அவள் மணிக்கட்டிலிருந்து பவுடர் வாசனை வந்தது. என் உள்ளங்கையில் ஈரப் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது.

மதியம் கிளேடாங் மலைப்பக்கம் கறுத்தது. தார்ப்பாயைச் சுருட்டிக் கொட்டகைக்குள் கொண்டுபோவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அது அன்றும் விடவில்லை, மறுநாளும் விடவில்லை. திங்கட்கிழமை திறந்து பார்த்தபோது பஞ்சில் திட்டுத் திட்டாக மஞ்சள், நடுநடுவே சாம்பல் புள்ளிகள். நனைந்த மெத்தை வாசனை.

ஒரு பிடி எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன். விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொவைச்சா வெளுத்துரும்லா?"

"சட்டையாம்மா இது?"

அம்மா அந்தப் பஞ்சை என் கையில் திருப்பி வைத்தார். பிறகு, "ஒன் பாத்தின்னுதான் அவ்வளவு வெள்ளென போனோம். வேற எவ பாத்தின்னாலும் நீ சொன்ன நேரத்துக்கே போயிருப்போம்" என்றார். அது உண்மை. அதைவிட என்னைச் சுட்டது வேறில்லை.

மேசையில் இரண்டு குவியல்

என்சிக் ஹாஷிமின் மேசையில் இரண்டு குவியல்கள். அவளுடையது சிறியது, வெள்ளை. என்னுடையது பெரியது, மஞ்சள்.

"உன் செடிகள் நன்றாக இருந்தன. நானே பார்த்தேன்" என்றார் மலாயில். "ஆனால் நூல் ஆலைக்காரன் செடியைப் பார்க்க வரமாட்டான். மூட்டையைத்தான் பிரிப்பான்."

"எடுத்த நேரம்தான் தவறு, என்சிக். கொடியின் மேல் தவறில்லை."

"எடுப்பதும் விவசாயம்தான், அஞ்சலை."

நான் வாதாடினேன். காய்களின் எண்ணிக்கையைச் சொன்னேன். மருந்துக் குப்பி எத்தனை மிச்சம் என்று சொன்னேன். குரல் உடைவதற்கு முன் நிறுத்திக்கொண்டேன். அழுது வாங்கிய இடம் எனக்கு வேண்டாம்.

பக்கத்தில் நின்ற சரோ, "அவள் செடியில்தான் காய் அதிகம், என்சிக். அதையும் எழுதுங்கள்" என்றாள்.

அந்த நியாயத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. ஜெயித்தவளுக்கு நியாயமாக இருப்பது எத்தனை சுலபம் என்று நினைத்தேன். இடம் அவளுக்குக் கிடைத்தது.

அவள் கிளம்பிய அன்று ஈப்போ ரயில் நிலையத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் வயிறெரிகிறது என்று கிராணியம்மா நினைத்துவிடக் கூடாது. எரிந்தது. அதனால்தான் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

"என் பாத்திய நீ பாத்துக்கிறியா?" என்று சன்னல் வழியாகக் கேட்டாள் சரோ. "புல்லு மட்டும் விட்டுடாத."

"பாத்துக்கிறேன்" என்றேன். ரயில் நகர்ந்தது. அவள் கையசைத்தாள். நானும் அசைத்தேன். புந்தோங்வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் ஒரே கேள்வி தலையைக் குடைந்தது: அவள் பாத்தி மண் என் பாத்தி மண்ணைவிட நல்லதாக இருந்தால்? அல்லது என்னுடையது அவளுடையதைவிட நல்லதாக இருந்தால்? யாருடைய முறை நல்லது என்று யாருக்குத்தான் தெரியும்?

மாற்றி விதைத்தேன்

மறுநாள் காலை என்சிக் ஹாஷிமின் அறைக்குப் போனேன். இந்த முறை இரண்டு பாத்திகளையும் மாற்றிச் செய்கிறேன் என்றேன். சரோ பாத்தியில் என் கொடி. என் பாத்தியில் சரோவின் சுத்தமும் மருந்தும். அப்போது தெரிந்துவிடும், போன முறை காய்த்தது மண்ணாலா, முறையாலா என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது ஆராய்ச்சியா, பொறாமையா?"

"இரண்டும்தான், என்சிக்."

அவர் சத்தமாகச் சிரித்தார். எழுத்தர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விதைக்கும் நாளில் உதவிக்கு வந்த அம்மா வரப்பிலேயே நின்றுவிட்டார். "பாப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி?" என்றார்.

"என்சிக்கிட்ட கேட்டேன். அது போதும்மா."

"அது நல்ல பொண்ணு. கேட்டா வேணாங்காது."

"அதனாலதான் கேக்கல."

சரோவுக்குப் பிறகு நானே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "நான் அங்க இருந்திருந்தா நானே இதக் கேட்டிருப்பேன்" என்றாள். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்: அது எனக்கு இனித்தது.

பெண்களிடம் இந்த முறை நான் நேரம் சொல்லவில்லை. அவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு உடம்பு சொல்கிறபடி செய்வார்கள். ஆ சோங்கிடம் போனேன். எடுப்பு நாளில் எட்டரை மணிக்கு முன்னால் லோரியைக் கிளப்பக் கூடாது, எவர் வந்து கதவைத் தட்டினாலும் எழக் கூடாது என்றேன். "அப்படின்னா நான் நல்லா தூங்கலாம்லா" என்று அவர் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டார். செய்தி கேட்ட பாக்கியம் அக்கா, "எட்டரைக்கு மேல கெளம்பி நாங்க என்ன கல்யாணத்துக்கா போறோம்?" என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இதை எழுதும்போது சரோவின் பாத்தியில் கொடி வரிசை முழுவதும் படர்ந்து, முதல் வெட்டு வெட்டிச் செடியடியில் போட்டாகிவிட்டது. பூக்கள் வந்துவிட்டன. காய் திரண்டு வெடிக்க இன்னும் நாளிருக்கிறது. எந்தப் பாத்தி ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அதுவரை நான் காத்திருக்கவில்லை. கல்லூரியின் அடுத்த வருடத்து இடத்துக்கு நேற்றுக் காலையே மனுக் கொடுத்துவிட்டேன்.